மேடானிலிருந்து வந்த மதிப்பீடு

"அண்ணே, அந்தப் பேராசிரியர் இப்படி எழுதுற ஆளே இல்லை" என்று சொல்லி மதிப்பீட்டுக் கோப்பை மேசையில் வைத்தாள் ஜூலியானா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேமண்ட் மனைவியின் தோளை மெல்லத் தட்டிக் கொடுத்தான்.

ஷேக் அலாவுதீன் முப்பது வருடம் மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். போலிச் சான்றிதழ் என்று சந்தேகம் வந்தால் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பலரும் அவர் வீட்டு மாடிப்படிதான் ஏறுவார்கள். அவருக்கு அவசரமே கிடையாது. அவருக்கும் சேர்த்து அவசரப்படுவதற்கு மருமகள் ஷஹீரா இருந்தாள். பள்ளிக்கூட டீச்சர், அன்று சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள்.

"முதல்லேருந்து சொல்லுங்கம்மா" என்றார் அவர்.

ஜூலியானா ஓர் அரசாங்கக் கல்லூரியில் முதுகலைப் படிப்புகளுக்குப் பொறுப்பாளர். முதியோர் பராமரிப்பில் ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்க இரண்டு வருடம் பாடுபட்டிருந்தாள். அங்கீகாரக் குழு, வெளி மதிப்பீட்டாளர் ஒருவரிடம் கருத்துக் கேட்கும். அவள் பரிந்துரைத்தது இந்தோனேசியாவின் மேடான் நகரத்துப் பேராசிரியர் ஒருவரை. போன வாரம் அவரிடமிருந்து வந்த மதிப்பீடு பாடத்திட்டத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது. குழுவும் நிராகரித்துவிட்டது.

"திங்கட்கிழமை மதியத்துக்குள்ள அப்பீல் போடணும். விட்டா மூணு வருஷத்துக்கு அந்தப் படிப்பைப் பத்திப் பேசவே முடியாது."

"அவருக்கே போன் பண்ணிக் கேட்டுட வேண்டியதுதானே?" என்றாள் ஷஹீரா.

"விண்ணப்பம் போட்டவங்க மதிப்பீட்டாளர்கிட்ட பேசக்கூடாது. பேசினா அப்பவே எல்லாம் முடிஞ்சது."

"கொஞ்ச கஷ்டமா பட்டா இவ?" என்றான் ரேமண்ட். "டெங்கிக் காய்ச்சல்ல படுத்திருந்தப்பகூட மதிப்பீட்டாளரைப் பரிந்துரைக்கிற படிவத்தைப் பத்தியே பேச்சு. நான்தான் டைப் பண்ணி அனுப்பினேன். விட்டுடு, உடம்பைப் பாருன்னா கேட்க மாட்டேங்கிறா, அண்ணே."

ஜூலியானா அவனை நன்றியோடு பார்த்தாள். வீட்டில் இப்படி ஒருத்தர் இருப்பதால்தான் இந்த வாரத்தைக் கடக்க முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

அலாவுதீன் மதிப்பீட்டை இரண்டு முறை படித்தார். பென்சிலால் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இந்தப் படிப்பை 'சர்ஜானா' படிப்புன்னு எழுதியிருக்கு."

"முதுகலைக்கு மலாய்ல அதுதானே மாமா?" என்றாள் ஷஹீரா.

"நமக்கு அதுதான். இளங்கலைன்னா 'சர்ஜானா மூடா'ன்னு சொல்லுவோம். கடல் தாண்டினா கதை வேற. அங்கே சர்ஜானான்னா வெறும் இளங்கலை. முதுகலையை அவங்க 'மகிஸ்டர்'னுதான் சொல்லுவாங்க. மேடான் பசங்க இளங்கலைச் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்ட, நம்ம கவுண்ட்டர் பிள்ளைங்க முதுகலைன்னு பதிஞ்சு வச்சு, நான் எத்தனை பைலைத் திருத்தியிருக்கேன் தெரியுமா? ஆயுசு முழுக்க மேடான்ல பாடம் நடத்தினவர் இந்தச் சொல்லை இப்படிப் போட மாட்டார். மேடான்காரர் மாதிரி தெரியணும்னு ஐயா, அம்மாவுக்குப் பதிலா அங்கங்கே 'பாபாக்', 'இபு'ன்னு தூவி வச்சிருக்கு. ஆனா எழுதினது நம்ம ஊர்க்காரங்க."

"ஸுல்கிஃப்லி" என்றாள் ஷஹீரா உடனே, நிராகரிப்புக் கடிதத்தின் அடியில் இருந்த பெயரைக் காட்டி. "குழுச் செயலாளர் கையிலதானே எல்லாம் வருது. எழுதி வச்சுக்குங்க மாமா."

"நேத்து மீன்கறியில ரெண்டு தடவை உப்பு போட்டது யாருன்னும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னே."

"அது நானேதான் போட்டிருக்கேன்னு அப்புறம் ஒத்துக்கிட்டேன்லா."

"எனக்கு ஷேரன் மேலதான் சந்தேகம்" என்றாள் ஜூலியானா தயங்கி. "என் துணைப் பொறுப்பாளர். என் நாற்காலி மேல அவளுக்கு ஒரு கண்."

அலாவுதீன் ஷஹீராவிடம் திரும்பினார். "பேசக்கூடாதுங்கிற விதி இவங்களுக்குத்தான். உனக்கு இல்லை. மேடான் பல்கலைக்கழக இணையப் பக்கத்துல பேராசிரியர் நம்பர் இருக்கும், பாரு."

ஷஹீரா பால்கனிக்குப் போனாள். ரேமண்ட் மணி பார்த்தான். "போகலாமா ஜூலி? இதையெல்லாம் தோண்டி என்ன ஆகப்போகுது?"

"இருங்க" என்றாள் ஜூலியானா.

ஷஹீரா ஓடி வந்தாள். "மாமா, அவருக்குக் குழுவிலேருந்து எந்தக் கடிதமுமே போகலையாம். மதிப்பீடும் எழுதலையாம்."

"அப்ப குழு அனுப்பின கடிதம் வேற யாருக்கோ போயிருக்கு." அலாவுதீன் மதிப்பீட்டின் நடுவில் ஒரு பத்தியைத் தொட்டார். "இதைப் பாருங்க. 'கெப்பாலா பத்தாஸில் பன்னிரண்டு வாரக் களப்பயிற்சி மிக அதிகம்.' ஆனா நீங்க குழுவுக்குக் கொடுத்த திட்டத்துல பட்டர்வொர்த், எட்டு வாரம்னு இருக்கே?"

"கெப்பாலா பத்தாஸ் பழைய வரைவுல இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில படுக்கை போதாதுன்னு மாத்திட்டேன்."

"பழையதை ஸுல்கிஃப்லி பார்த்தாரா? ஷேரன்?"

"இல்லை அண்ணே. அது ஆபீசுக்கே போகலை. வீட்டு பிரிண்டர்ல ஒரே ஒரு காப்பி எடுத்தேன். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி…"

அவள் நிறுத்தினாள். வாக்கியத்தின் மீதி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

அலாவுதீன் மதிப்பீட்டாளர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். பேராசிரியரின் மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்துகொள்ளும் ஒரு முகவரி இருந்தது. "இதைத் தம்பிதானே டைப் பண்ணினது?"

ரேமண்ட் படிவத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

"ஜனவரியில எனக்கு ஜொகூர் பேக்டரிக்கு மாத்தல் வந்துச்சு" என்றான் ரேமண்ட் கடைசியில். "கையெழுத்துப் போட்டுட்டேன். இந்தப் படிப்பு ஆரம்பிச்சா நீ பினாங்கை விட்டு நகர மாட்டே. நீ எங்கூட இருக்கணும்னுதான் ஜூலி…"

"ஜனவரியில கையெழுத்துப் போட்டீங்க. இப்ப ஆகஸ்ட்." அவள் கைகள் மடியில் கிடந்தன. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லியிருப்பே."

"அதனால என் பாடத்திட்டத்தை 'முதிர்ச்சியில்லாதவரின் வேலை'ன்னு எழுதினீங்க. அதைப் படிச்சிட்டு நான் அழுதப்போ நீங்கதான் மைலோ கலக்கிக் கொடுத்தீங்க."

ஷஹீராவின் முகத்தில் கண்டுபிடித்த சந்தோஷம் துளியும் இல்லை.

"பாஸ்வர்டு?" என்றாள் ஜூலியானா.

"என்ன?"

"அந்த ஈமெயிலோட பாஸ்வர்டு. குழுகிட்டக் காட்டணும்."

அவன் அவர்களுடைய கல்யாணத் தேதியைச் சொன்னான்.

அவள் அதைக் கோப்பின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். கடைசி எண் சரியாக விழவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். அலாவுதீன் கோப்பிலிருந்த மேல்முறையீட்டுப் படிவத்தையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்துவிட்டு, ஷஹீராவைக் கூட்டிக்கொண்டு பால்கனிக்குப் போய் நின்றார்.

அவள் நிதானமாக எழுதினாள். இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது ரேமண்ட் எட்டிப் பார்த்தான்.

"என் பேரைப் போடணுமா? வேற ஏதாவது சொல்லி…"

"போலின்னு சொன்னா யார் பண்ணினதுன்னு கேட்பாங்க. நான் மறைச்சா ஸுல்கிஃப்லி மேலயோ ஷேரன் மேலயோ விழும். ஷேரனை நானே சந்தேகப்பட்டேன்."

"ஜூலி, நான் உன் புருஷன்."

அவள் பேனாவை மூடினாள்.

"அதையும் எழுதிட்டேன்" என்றாள்.