தாய்க்குழாயில் இல்லாத துளை

"சார், நான் யாரையும் கொன்னுடலையே?"

கதவைத் திறந்த சர்வேயரிடம் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி இதுதான். முப்பது வயதிருக்கும். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். படியில் யாரோ ஏறும் ஓசை கேட்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"யாரும் சாகலைம்மா, நீங்க போன்ல சொன்னதும் பேப்பர்ல பார்த்தேன். உள்ள வாங்க" என்றார் சர்வேயர்.

முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காகத் தொழிற்சாலை விபத்துகளை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவியின் தம்பி கல்யாண போட்டோகிராபர். முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் அத்தானின் நிழல். இன்றும் அழைக்காமலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

அவள் மாமனாரின் குழாய்ப் பட்டறைக்குக் கணினியில் படம் வரைபவள். கணவர் அங்கேயே வெல்டர். போன மாதம் ஒரே மாதிரி இரண்டு இணைப்புகள் செய்தார்கள். தடித்த தாய்க்குழாய், அதன் மேல் செங்குத்தாக ஒரு கிளைக்குழாய், கிளையின் உச்சியில் சேப்டி வால்வு. ஒன்று சாயப்பட்டறைக்கு, மற்றது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு. சென்ற வாரம் சாயப்பட்டறையில் ஆவி அழுத்தம் எல்லை மீறியபோது வால்வு திறக்கவில்லை. குழாயின் மூட்டு பிய்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவரின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

"தாய்க்குழாய்ல துளையே இல்ல சார். கிளை மேல சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது. வெளியிலேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. மாமா என் படத்தைத் திறந்து காட்டினார். அதுலயும் துளை இல்ல. இன்னைக்குப் பன்னிரண்டு மணிக்கு விபத்தை விசாரிக்க இன்ஸ்பெக்டர் வர்றார். தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துடச் சொல்றார் மாமா."

"பட்டறைக்குக் கொடுத்த காகிதப் படம்?"

"காணோம் சார்."

"உங்க வீட்டுக்காரர் எப்ப துளை போடுவார்?"

"எத்தனை இருந்தாலும் எல்லாத்தையும் வெல்ட் பண்ணி முடிச்சுட்டு, கடைசியா கிளையோட வாய் வழியா விட்டு மொத்தமா துளைப்பார். எப்பவும் அப்படித்தான்."

"எங்க அக்கா உப்பு போடுற மாதிரி. கடைசியாத்தான். சில நாள் அதுவும் கிடையாது" என்றான் மைத்துனன்.

"அவ காதுல விழுந்தா இன்னைக்கு ரெண்டு பேருக்கும் சோறு இல்ல மச்சான்" என்ற சர்வேயர், சாயப்பட்டறைப் படத்தைத் திறக்கச் சொன்னார். நடுவில் நீளவாக்கில் வெட்டிக் காட்டச் சொன்னார்.

திரையில் உள்பக்கம் தெரிந்தது. தாய்க்குழாயின் சுவர் அறுபடாமல் கிளையின் அடியை அடைத்து நின்றது. கிளையின் விளிம்போ அந்தச் சுவரைத் தாண்டி, தாய்க்குழாய்க்குள் வளையமாக நீட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் படம் கட்டப்பட்ட வரிசை: குழாய், குழாய், சேர்ப்பு. மூன்றே வரிகள்.

ஆஸ்பத்திரிப் படத்தில் ஐந்து வரிகள் இருந்தன. முதலில் இரண்டு கெட்டித் தடிகள், பிறகு சேர்ப்பு, கடைசியில் இரண்டு துளைகள்.

"அவசரத்துல மாத்திப் போட்டுட்டேனோ சார்? பயத்துல எதுவுமே ஞாபகம் வரமாட்டேங்குது." அவள் மடிக்கணினியை மூடினாள்.

பத்தரை மணிக்கு மூவரும் பட்டறைக்குப் போனார்கள். வாசலில் குடும்பப் பெயர் பித்தளையில் பளபளத்தது. சாயப்பட்டறையிலிருந்து கழற்றி வந்த குழாய் தரையில் கிடந்தது. சர்வேயர் மண்டியிட்டுத் தாய்க்குழாய்க்குள் தோள்வரை கைவிட்டுத் தடவினார். உள்ளே வழவழவென்றிருந்தது. விரலில் எதுவும் தட்டுப்படவில்லை.

மாமனார் அலுவலக அறையில் விறைப்பாக நின்றார். பக்கத்தில், படம் வரையும் இன்னொருவர், தடித்த மூக்குக்கண்ணாடிக்காரர்.

"விருந்தாளின்னா காபி தருவேன். விசாரணைன்னா வாசல் அந்தப் பக்கம் இருக்கு" என்றார் மாமனார்.

"ஒரு சின்ன உதவிதான் ஐயா. இந்த இணைப்பைக் கணினியில யார் போடத் தெரிஞ்சவங்க?"

"அண்ணியும் நானும். எனக்குச் சொல்லிக் குடுத்ததே அண்ணிதான்." கண்ணாடிக்காரர் கேட்காமலே போட்டுக் காட்டினார். இரண்டு கெட்டித் தடிகள், சேர்ப்பு, இரண்டு துளைகள்.

"வயசானவங்களுக்கு இதெல்லாம் வராது இல்லைங்களா ஐயா?" என்றார் சர்வேயர்.

"யாருக்கு வராது? பதினாலு வயசுல குழாய் தூக்கின கை இது. மருமக பின்னாடி நின்னு பார்த்தே கத்துக்கிட்டேன். தள்ளுடா!" கண்ணாடிக்காரரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். ஒரு குழாய் போட்டார். இன்னொரு குழாய் போட்டு அதற்குள் சொருகினார். இரண்டையும் சேர்த்தார். "ஆச்சு!"

"நன்றிங்க ஐயா. உங்க மருமக பேர்ல இருக்கிற படமும் இதே மூணு வரிதான்."

சர்வேயர் திரையைச் சுட்டினார்.

"கணினியில படிச்சவங்க தடியில ஆரம்பிச்சு, கடைசியா உள்ள குடைவாங்க. அப்பத்தான் வழி முழுசாத் திறக்கும். வாழ்நாளெல்லாம் குழாயைக் கையில பிடிச்சவருக்கு அது முதல்லேருந்தே குழாய். தடியா நினைக்கவே தோணாது. அப்படிச் சேர்த்தா உள்சுவர் தானா நின்னுடும். அதுதான் உங்களுக்கும் வேண்டியிருந்துச்சு."

"அவளே அவசரத்துல அப்படிப் போட்டிருக்கலாம்" என்றார் மாமனார். குரல் சற்றே இறங்கியிருந்தது.

"படத்துல கிளையோட விளிம்பு தாய்க்குழாய்க்குள்ள நீட்டிக்கிட்டிருக்கு. சுவரை அறுக்காம ஒரு இரும்புக் குழாய் இன்னொண்ணுக்குள்ள எப்படிங்க நுழையும்? கீழே கிடக்கிறதுல கைவிட்டுப் பார்த்தேன், அப்படி எதுவும் இல்ல. இந்தப் படத்தை வெச்சு அந்தக் குழாயைச் செய்யலை. குழாய் வெடிச்ச பிறகு படம் வந்திருக்கு. அதனாலதான் காகிதப் படமும் காணாமப் போயிருக்கு."

"மாமா..." என்றாள் அவள்.

"நாப்பது வருஷம்" என்றார் மாமனார், யாரையும் பார்க்காமல். "எங்க வீட்டு ஆம்பளைங்க கைவேலையில ஒரு குறை வந்ததில்ல. படம் தப்புன்னா ஊர் ரெண்டு நாள்ல மறந்துடும். நீ வெளியிலேருந்து வந்தவ. மன்னிச்சுடுவாங்க."

மைத்துனன் வாய் திறந்தான். சர்வேயர் கையமர்த்தினார். அவர் முகத்தில் அப்போதுதான் முதன்முறையாகக் கலக்கம் தெரிந்தது.

"ஐயா, உங்க மகன் எங்க?"

"ஆஸ்பத்திரியில. பதினொரு மணிக்கு அங்க ஆவி விடுறாங்க. கூட நிக்கப் போயிருக்கான். அந்தப் படத்துல குறை இல்லையே!"

"உங்க மருமக போட்ட படம் எதுலயுமே குறை இல்லைங்க! ரெண்டையும் சேர்த்து வெல்ட் பண்ணிட்டு, கடைசியா மொத்தமா துளைக்கிறவர் உங்க மகன். ஒண்ணுல மறந்தவர் ரெண்டுலயும் மறந்திருப்பார். படம் தப்புன்னு நீங்க சொன்னதை நம்பித்தான், ஆஸ்பத்திரிக் குழாய் சரின்னு நினைச்சுக்கிட்டு அது பக்கத்துலயே நிக்கிறார்."

சுவர்க் கடிகாரம் பதினொன்று அடிக்க நான்கு நிமிடம் இருந்தது.

மாமனார் கைபேசியை எடுத்தார். இரண்டு முறை தவறான எண்ணை அழுத்தினார். மருமகள் பிடுங்கி அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள்.

"என்ன? இங்க ஒரே சத்தம்..." கணவனின் குரல்.

மாமனார் கைபேசியை வாங்கினார். "டேய், ஆவியை விடாதே! அடுப்பை அணைக்கச் சொல்லு. உன் பொண்டாட்டி படம் சரிடா. நான்தான் மாத்தினேன். நீ துளை போட மறந்துட்ட. வால்வைக் கழட்டிட்டு உள்ள கம்பி விட்டுப் பாரு."

காத்திருந்த இருபது நிமிடமும் யாரும் உட்காரவில்லை. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அழைப்பு வந்தது.

"அப்பா..." மூச்சு வாங்கியது. "கம்பி ஒரு சாண்தான் போகுது. கீழ இரும்பு தட்டுது. இங்க துணி துவைக்கிறவங்களே பதினாறு பேர் இருக்காங்கப்பா."

கிழவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மருமகள் அழவில்லை. மடிக்கணினியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. பழக்கத்தில் அவள் எழுந்தாள்.

"நீ உட்காரும்மா" என்றார் மாமனார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, கதவை நோக்கி நடந்தார். "நான் போய்ச் சொல்றேன்."