சுவரின் முதுகு

நேற்று மாலை விளிம்பு வரை நிரப்பி, கட்டையால் குத்தி இறுக்கிவிட்டுப் போன ஜல்லி, காலையில் ஒரு முழம் இறங்கியிருந்தது.

மேஸ்திரி ஏணியின் உச்சிப் படியில் நின்று, சுவர் மேல் வயிற்றைச் சாய்த்து எட்டிப் பார்த்தாள். முன்னால் அவள் கட்டிய கான்கிரீட் கல் சுவர். பின்னால் கத்தியால் நறுக்கினதுபோல் செங்குத்தாக வெட்டிய மேட்டு மண். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கும் அளவு சந்து. மழைத் தண்ணீர் சுவரை முட்டாமல் ஜல்லி வழியே இறங்கி, அடி வரிசையில் பதித்த குழாய்கள் வழியே வெளியே போக வேண்டும் என்றுதான் அந்தச் சந்தை நிரப்புவது. ஜல்லி அமுங்கும்தான். இரண்டு விரல் அமுங்கும், மூன்று விரல் அமுங்கும். முழம் அமுங்காது. யாராவது மேலிருந்து அள்ளியிருந்தால் குழி தெரியும். இது முழு நீளத்துக்கும் ஒரே மட்டமாக, அடியிலிருந்து யாரோ பதமாக உருவிக்கொண்டதுபோல் இறங்கியிருந்தது. சந்திலிருந்து குளிர்ந்த வாடை ஒன்று ஏறிவந்தது. புதுச் சிமெண்டின் வாடை இல்லை. மண் வாடையும் இல்லை. ஈரக் களிமண்ணை வாயில் வைத்து யாரோ வெகு நேரம் மென்றதுபோல் ஒரு வாடை.

"யோவ், ஜல்லி எங்கய்யா போச்சு?"

கீழே கம்பி வளைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் நிமிரவில்லை. கம்பி கட்டுகிற வேலை, ஆளும் கம்பி மாதிரி, அதனால் தெருவில் அவனுக்குக் கம்பி என்றே பேர். "ராத்திரி பசிச்சுது. எழுந்து வந்து தின்னுட்டேன்."

"உன் பல்லுக்கு அது வேறயா?"

"ஆக்கிப் போடுறவ நீ. கல்லுக்கும் சோத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியுமா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் அவள் கண் சந்தைவிட்டு வரவில்லை.

சரிவு நிலம் என்று யாரும் தொடாத மனையை இவர்கள் வாங்கினார்கள். கீழே இரண்டு அறை வீடு. மேட்டை ஒட்டிய பின்னறையில் மகள், வயிற்றைக் கீறிப் பெற்ற பச்சைப் பிள்ளையோடு படுத்திருக்கிறாள். போன மழைக்கு மேடு சரிந்து, சேறு அந்த அறையின் ஜன்னல் வரை ஏறியது. தெருவில் எல்லோரும் ஒரே பாட்டுப் பாடினார்கள்: காலி பண்ணிட்டுப் போங்க. மேஸ்திரி கேட்டுக்கொண்டாள், மறுநாள் அஸ்திவாரத்துக்கு நூல் கட்டினாள். பெருமழைக்கு முன்னால் சுவர் ஏறிவிட வேண்டும். ஏறினால் வீடு நிற்கும். இல்லாவிட்டால் மேடு நேராக மகளின் கட்டிலுக்கு வரும். கணக்கு அவ்வளவுதான்.

மத்தியானம் ஒரு பாட்டம் மழை அடித்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தாள். பக்கத்து மனைகளின் சுவர்களில் எல்லாக் குழாயும் பீச்சியடித்தன. அவள் சுவரில் ஒரு சொட்டு இல்லை. மேட்டில் விழுந்த தண்ணீர் முழுக்க எங்கே போகிறது? அவள் தரையோடு படுத்து, ஒரு குழாய் வாயில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். காற்று. வெளியே வரும் காற்று இல்லை. கன்னத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, ஒரே சீராக, உள்ளே போகும் காற்று.

எழுந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாள். மண் சுவரை வெளியேதான் தள்ளும். அது அவளுக்கு உடம்பில் ஊறிய விஷயம். வெளியே சாய்ந்த சுவர் எத்தனையோ பார்த்திருக்கிறாள், எத்தனையோ இடித்திருக்கிறாள். இந்தச் சுவர் மேட்டை நோக்கிச் சாய்ந்திருந்தது. கட்டை விரல் அகலம்.

"நீ நேத்து நூல் சரியாப் புடிச்சியா?" என்றாள்.

"புடிச்சேனே."

"அப்ப சுவர் ஏன் அங்க பாத்து வணங்குது?"

கம்பி வந்து குண்டைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். அவன் நாக்கில் ரெடியாக இருக்கும் கேலி இந்த முறை வரவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான்.

"நாளைக்கு மழை நம்மளப் பாத்துக்கும். ஜல்லி போடு."

இவர்கள் வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு. கம்பி சந்துக்குள் இறங்கி ஜல்லியைப் பரப்பிக் குத்துவான். அவள் வெளியே ஏணியின் கீழ்ப்படியில் நின்று, சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் கவிழ்ப்பாள். உள்ளே பார்க்க மாட்டாள், பார்க்கத் தேவையும் இல்லை. கலவை மிஷின் இரைச்சலில் கத்தினால் தொண்டைதான் போகும். அதனால் அவன் சுத்தியல் காம்பால் கல்லில் தட்டுவான். ஒரு தட்டு என்றால், ஒதுங்கிட்டேன், கொட்டு. இரட்டைத் தட்டு என்றால், போதும், நிறுத்து. கல்யாணமானதிலிருந்து இந்தப் பேச்சு நடக்கிறது. வாய்ப் பேச்சில் வந்த சண்டைகள் உண்டு, தட்டில் ஒரு தப்பும் வந்ததில்லை.

மேகம் இறங்கி, சாயங்காலம் ஆகும் முன்பே வெளிச்சம் சாம்பல் பூத்துவிட்டது. மிஷின் குடகுடவென்று சுற்றியது. ஒரு தட்டு. கொட்டினாள். ஒரு தட்டு. கொட்டினாள். தோள் எரிந்தது. தட்டு சற்றுக் கீழிருந்து வருவதுபோல் இருந்தது, குனிந்து தட்டுகிறான் போல என்று நினைத்தாள். ஒரு தட்டு. கொட்டினாள். குவியல் பாதியாகக் கரைந்துவிட்டது. இந்நேரம் சந்து நிரம்பி வழிந்திருக்க வேண்டும். ஒரு தட்டு. கொஞ்சம் அவசரமாக. கொட்டினாள். மறுபடி ஒரு தட்டு.

"இந்தா, மேஸ்திரி. சூடு ஆறுறதுக்குள்ள குடி."

அவளுக்குப் பின்னால், வீட்டுப் பக்கமிருந்து, இரண்டு கையிலும் டீ டம்ளரோடு கம்பி நின்றான்.

அவள் சட்டி தலைக்கு மேலேயே நின்றது.

"நீ எப்ப வெளிய வந்த?"

"எப்பவோ வந்துட்டேனே. பொண்ணு சுடுதண்ணி கேட்டா, வெச்சுக் குடுத்துட்டு டீயும் போட்டேன். யாருக்குக் கொட்டுற?"

சுவரில், அவள் முழங்கால் உயரத்தில், கலவை ஊற்றிக் கெட்டித்துப்போன கல்லுக்குள்ளிருந்து, ஒரு தட்டு.

கம்பி டம்ளர்களைக் கீழே வைத்தான். ஒன்று கவிழ்ந்தது. அவன் போய் மிஷினை நிறுத்தினான். அமைதி வந்து காதை அடைத்தது. மேட்டுப் புல்லில் தூறல் விழும் சத்தம். அப்புறம், பொறுமையாக, வாடிக்கைக்காரன் கடைப் பலகையைத் தட்டுவதுபோல், ஒரு தட்டு.

"கெளம்புடி" என்றான் குரலே இல்லாமல். "புள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பவே கெளம்பலாம்."

"எங்க? மழையில, தையல் பிரிக்காத பொண்ணக் கூட்டிக்கிட்டு, எந்த வீட்டு வாசலுக்கு?"

"எங்கயாவது."

"எங்கயாவதுங்கற ஊருக்கு நான் வரல." அவள் மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "என் சுவத்துக்குள்ள எவன் நின்னு எனக்கே வேலை ஏவுறான்? பாத்துடறேன். டார்ச்ச எடு."

சந்தின் ஓரத்தில் இறங்கினாள். ஜல்லி அவள் எதிர்பார்த்ததைவிட வெகு கீழே இருந்தது. அவ்வளவு கொட்டியும் அடி தெரியாத குறை. முதுகில் தன் சுவரின் சில்லிப்பு, மார்புக்கு நேரே மேட்டு மண். மண்வெட்டியைத் திருப்பக்கூட இடமில்லை. தட்டு இங்கே மண்ணுக்குள்ளிருந்து வந்தது; அந்த இடத்தைக் காம்பால் இடித்தாள். தூக்கம் கலைந்து புரள்வதுபோல் மண் ஒரு பாளமாக நழுவி அவள் காலடியில் விழுந்தது.

அந்த மண்ணுக்குப் பின்னால் சுவர் இருந்தது.

அவளுடையது இல்லை. மேட்டுக்குள், மண்ணோடு மண்ணாக, வரிசை வரிசையாக ஏறிய ஒரு சுவர். கல் ஒவ்வொன்றும் அவர்கள் கொட்டிய ஜல்லி. அழுத்திச் சதுரமாக்கிய ஜல்லி. இடையில் கலவை, செம்மண் நிறம், விரல் வைத்தால் வெதுவெதுப்பு. காயவில்லை. இன்று வைத்த கலவை.

"என்ன தெரியுது?" மேலேயிருந்து கம்பி.

அவள் டார்ச்சை மெதுவாக நகர்த்தினாள். மூட்டின் மேல் மூட்டு வராமல் கட்டியிருந்த நேர்த்தி. நூல் பிடித்த மட்டம். குறை சொல்ல முடியாத வேலை. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. கல் இடுக்கில் பிதுங்கிய கலவை வழிக்கப்படாமல் முண்டும் முடிச்சுமாக அப்படியே இருந்தது. அப்படி விடுவது சுவரின் முதுகுப்பக்கத்தை. மண் அணையப் போகிற பக்கத்தை. முகத்தைத்தான் வழித்துப் பூசி அழகு பார்ப்பார்கள். முகம் உள்ளே, மேட்டுக்குள்ளே, அந்தப் பக்கம் இருக்கிறவர்களைப் பார்த்து இருந்தது.

முதுகு இவர்களைப் பார்த்து.

மேடு சரிந்துவிடும் என்று கட்டிய சுவர் இல்லை இது. இவர்கள் சரிந்துவிடுவார்கள் என்று கட்டியது. அந்தப் பக்கத்துக்கு இவர்கள்தான் மண்.

அடியில் ஒரு குழாய். அவள் முஷ்டி நுழையும் வாய். சரிவு உள்நோக்கி. அவள் விட்ட மூச்சு டார்ச் வெளிச்சத்தில் வெள்ளையாக எழுந்து, நூலாக நீண்டு, குழாய்க்குள் போனது. அடுத்த மூச்சும்.

"அம்மா!"

மகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் நிற்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "அம்மா, புள்ள அழுவுது. வாயைத் தொறந்து அழுவுது, மூஞ்சி செவந்து போச்சு. சத்தமே வரலம்மா!"

சத்தம் இங்கே இருந்தது.

அவள் காதை உரசிக்கொண்டு போனது. மெலிந்து, ஈர நூல்போல. பச்சைப் பிள்ளையின் அழுகை. ஜல்லி இடுக்கு வழியாக, அவள் கால் விரல்களுக்கு நடுவாக, குழாய்க்குள். வடிந்துகொண்டிருந்தது.

"கலவை!" என்று கத்தினாள். "சட்டியோட போடு!"

தண்ணீர்க் குழாயை அடைப்பது எந்தக் கொத்தனாரும் செய்யத் துணியாத காரியம். அடைத்தால் பின்னால் சேரும், சேர்ந்தது முட்டும், முட்டினால் சுவர் வெடிக்கும். வெடிக்கட்டும். கம்பி இறக்கிய சட்டியிலிருந்து கை நிறையக் கலவையை அள்ளிக் குழாய் வாயில் அப்பினாள். உறிஞ்சிக்கொண்டது. மறுபடி அப்பினாள். சளப்பென்று போனது. தோளில் கிடந்த சாக்கைத் திணித்தாள். போனது.

அழுகை மெலிந்துகொண்டே வந்தது.

மேஸ்திரி பக்கவாட்டில் சரிந்து, முஷ்டியை மடக்கி, மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை கையைக் குழாய்க்குள் செருகினாள்.

அடைத்துக்கொண்டது.

வீட்டிலிருந்து பிள்ளை வீறிட்டது. முழுத் தொண்டை. தெருவுக்கே கேட்கிற அழுகை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"வெளிய வாடி!" கம்பி சுவர் மேல் தொங்கிக்கொண்டு கையை நீட்டினான்.

"பொண்ணையும் புள்ளையையும் முன்னறைக்குக் கூட்டிட்டுப் போ."

"நீ?"

"எனக்கு இங்க வேலை இருக்கு. நின்னு வேடிக்க பாக்காத, போய்யா!"

அவன் ஓடும் சத்தம். மழை வலுத்தது. டார்ச் ஜல்லிக்குள் புதைந்து மங்கியது.

குழாயின் அந்தப் பக்கம், அவள் முஷ்டி மேல், ஏதோ பட்டது.

சில்லென்று. கனமில்லாமல்.

அது அவள் முஷ்டியைப் பிடித்து இழுக்கவில்லை. வேலை முடிந்து கரண்டி கழுவுகிறவனின் நிதானத்தோடு, அவள் விரல் முட்டிகளில் ஒட்டியிருந்த கலவையை வழித்தது. ஒவ்வொன்றாக. இடுக்கு விடாமல். வழித்து முடித்துவிட்டு, மடங்கிய சுண்டு விரலை மெல்ல நிமிர்த்தப் பார்த்தது.

அவள் இறுக்கினாள்.

மோதிர விரலுக்கு வந்தது.

இன்னும் இறுக்கினாள். மற்றக் கையால் ஒரு கல்லைத் தேடி எடுத்து, அந்தச் சுவரின் முதுகில் ஓங்கி அடித்தாள். இரட்டைத் தட்டு. போதும். நிறுத்து.

உள்ளே எல்லாம் நின்றது.

பிறகு அவள் உள்ளங்கைக்குள், மடங்கிய விரல்களுக்கு நடுவே எப்படியோ புகுந்துவிட்ட ஒன்று, நகத்தின் நுனியால், ஒரு முறை தட்டியது. கொட்டு.

மேஸ்திரி கையை எடுக்கவில்லை.