வீலிங்கெயின் எட்டாவது வீடு

காபி போட்டது லாம்மி இல்லை.

விறகெடுக்கக் கொட்டகைக்குப் போனவள் திரும்பி வரக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. நவம்பர் மாதத்து மதியம். மூடுபனி வயல்களையெல்லாம் விழுங்கிவிட்டு முற்றத்து வேலிவரை வந்து நின்றிருந்தது. விறகுக்கூடையால் பின்கதவைத் தள்ளித் திறந்ததுமே புதுக் காபியின் மணமும், அதற்கு அடியில் வேறொரு வாசனையும் வந்தன. சதுப்பு நிலத்தைத் தோண்டினால் எழுமே, நெடுநாள் தண்ணீருக்குள் கிடந்த கறுப்பு மண்ணின் வாசனை, அது. சமையலறை மேசையில் நீலக்கரை போட்ட நல்ல கோப்பைகள் ஏழு வரிசையாக நின்றன. கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும் மட்டுமே அலமாரியை விட்டு இறங்குகிறவை அவை.

"ஹார்ம், யாராவது வந்தாங்களா?"

முன்னறையிலிருந்து கணவனின் குரல் தூக்கக் கலக்கத்தோடு வந்தது. "யாரும் வரலையே. நீதான் தொம்மு தொம்முன்னு நடந்துட்டிருந்தே. இந்த வயசுல மரச்செருப்பை எதுக்கு எடுத்து மாட்டினே?"

லாம்மி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ரப்பர் பூட்ஸ்தான் போட்டிருந்தாள்.

ஹார்முக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மாடி ஏறக்கூடாது என்று முன்னறையிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். அக்டோபரில் நான்கு இரவுகள் அவன் பிழைப்பானா மாட்டானா என்று ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து லாம்மி கைவிரல் நகமெல்லாம் கடித்துத் தீர்த்திருந்தாள். நேற்று வந்த டாக்டர் நாடி பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு வெளியே நடப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவள் நேற்று இரவு முழுதாகத் தூங்கினாள்.

ஃபெம்மியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பாதையின் மறுகோடியில் இருக்கும் ஃபெம்மிதான் இவர்களுக்கு முதல் பக்கத்து வீடு. அந்த உரிமையில் கதவைத் தட்டாமல் உள்ளே வருவாள், பானையைத் திறந்து பார்ப்பாள், உப்புக் குறைவு என்பாள். ஆனால் கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு எங்கே போனாள்? ஏன் ஏழு?

கூடத்துக்கு வந்தபோது கண்ணாடியைக் காணவில்லை. ஆணியில்தான் இருந்தது. அதன் மேல் அவளே இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு, மடிப்புக் குலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. லாம்மிக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வீட்டுக்காரர்கள் ஒரு துரும்பை எடுத்து வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டார் வந்து காபி போடுவார்கள், கண்ணாடியை மூடுவார்கள், குளிப்பாட்டி உடுத்துவார்கள், வீடு வீடாகப் போய்ச் சொல்வார்கள், கோயில் மணி அடிப்பார்கள், கடைசியில் தூக்கிக்கொண்டும் போவார்கள். உயிரோடு ஒரு மனுஷன் படுத்திருக்கும் வீட்டில் இது என்ன விளையாட்டு?

விரிப்பைப் பிடித்து இழுத்தாள். அதன் கீழ்விளிம்பு நனைந்திருந்தது.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கதவைத் திறந்தால் ஃபெம்மியே நின்றாள். கறுப்புக் கோட்டு, கையில் துணி மூடிய கேக்குத் தட்டு, அழுது சிவந்த மூக்கு.

"லாம்மி... என் கண்ணே. இப்படி ஆயிடுச்சே. நேத்துதானே டாக்டர் அப்படிச் சொல்லிட்டுப் போனார்."

"என்ன ஆச்சு?"

"எதுவும் பேசாதே. நீ போய் உக்காரு. நான் பாத்துக்கறேன். எங்க வீட்டுக்காரரு ரூலோஃப் மணியடிக்கக் கோயிலுக்குக் கிளம்பிட்டாரு."

அப்போது முன்னறையிலிருந்து ஹார்ம் கத்தினான்: "யாரு, ஃபெம்மியா? வெண்ணெய் கேக்கா இருந்தா மட்டும் உள்ள விடு!"

தட்டு தரையில் விழுந்து உடைந்தது. ஃபெம்மி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை என்பதை லாம்மி கவனித்தாள்.

"ஒரு ஆள் வந்து சொன்னானே," என்றாள் ஃபெம்மி மெதுவாக.

"எந்த ஆள்?"

"தெரியலை. பின்கதவுல நின்னான். தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிருந்தான். உள்ள வாங்கன்னேன், வரலை. உக்காருங்கன்னேன், உக்காரலை. சாவு சொல்ல வர்றவன் உக்கார மாட்டான்ல, சரின்னு விட்டுட்டேன். 'எட்டாவது வீட்டு ஹார்ம் போயிட்டார், வியாழக்கிழமை எடுக்கறோம்'னான். நீ யாருப்பான்னு கேட்டா, 'முதல் பக்கத்து வீடு'ங்கறான். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! முதல் பக்கத்து வீடு நானு. இவன் எங்கேருந்து முளைச்சான்? ஆனா சாவுச் சேதியில போய்ச் சண்டை போட முடியுமா?" அவள் குரல் இறங்கியது. "அவன் போனப்புறம் மிதியடியைப் பார்த்தேன் லாம்மி. பிழியலாம் போல இருந்துச்சு."

லாம்மி கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் கதவில் இருக்கும் எண் முப்பத்தொன்று. எட்டாவது வீடு என்ற பெயர் இந்த உலகத்தில் இரண்டு பேருக்கும் ஒரு பழைய காகிதத்துக்கும் மட்டுமே தெரியும்.

"எத்தனை வீட்டுக்குச் சொல்லியிருக்கான்?"

"எனக்கு முன்னாடியே பேக்கரிக்காரங்களுக்குச் சொல்லிட்டான். அவங்க பூவுக்குச் சொல்லிவிட்டுட்டாங்க."

"ரூலோஃபுக்குப் போன் பண்ணு. மணியடிக்க வேணாம்னு சொல்லு."

"அந்த மனுஷன் என்னைக்குப் போனைக் கையோட எடுத்துட்டுப் போயிருக்காரு? அடுப்படியிலதான் கிடக்கு. நானே போறேன்." கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் ஃபெம்மி சைக்கிளில் ஏறினாள். பத்தடி போனதும் பனி அவளை மூடிக்கொண்டது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் சங்கிலியின் கிறீச்சு மட்டும் கேட்டது.

லாம்மி கதவோரம் நின்றாள். தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

நகராட்சியின் பதினொரு கிராமங்களுக்கும் வரலாறு எழுதும் வேலையை உள்ளூர் வரலாற்றுச் சங்கம் அவள் தலையில் கட்டியிருந்தது. போன வருஷம் இந்தப் பண்ணை வீட்டை வாங்கிக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்தவள், ஆக இங்கே வெளியூர்க்காரிதான். வேலையை மறுத்தால் மரியாதையாக இருக்காது. ஆவணக் காப்பகத்தில்தான் பன்னிரண்டாவது ஊரைக் கண்டுபிடித்தாள். வீலிங்கெ. எட்டே வீடு. ஒரே குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து, வீடு வீடாக விழுந்து, ஒருவரை ஒருவர் சுமந்து சுமந்து தீர்ந்துபோன ஊர். அதன் பிறகு நகராட்சி அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. கடைசிவரை சுமந்தவன் எட்டாவது வீட்டுக்காரன் என்று பாதிரியார் எழுதி வைத்திருந்தார். அவனைச் சுமக்க ஆளில்லை. பனி உருகிய பிறகுதான் பார்த்தார்களாம், அவனை இந்த வீட்டின் முன்னறையில். பாதிரியார் அவன் பெயரைக்கூட எழுதவில்லை. ஊரில் மிஞ்சியது இந்த வீடு ஒன்றுதான்.

அதைப் படித்தபோது லாம்மிக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை அப்படியே விட்டிருக்கலாம். புத்தகத்துக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்று தோன்றியதுதான் வினை. புதிதாக ஒரு வீட்டுக்கு வருகிறவர்கள் பக்கத்து வீடுகளுக்கு வரிசைப்படி போய், பக்கத்து வீடாக இருப்பீர்களா என்று கை கொடுத்துக் கேட்க வேண்டும். கை கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் பின்வாங்க முடியாது. செப்டம்பரில் ஒரு வெயில் நாளில், மற்ற ஏழு வீடுகளும் இருந்த வயலில் வீட்டுக்கு ஒன்றாக மிச்சமிருந்த ஏழு மரங்களையும் பழைய பட்டியலின் வரிசைப்படி அவள் தட்டினாள். "எட்டாவது வீட்டுக்குப் புதுசா வந்திருக்கோம். நல்லதுக்கும் கெட்டதுக்கும் பக்கத்து வீடா இருப்பீங்களா?" என்று ஒவ்வொன்றிடமும் கேட்டுக் கையை நீட்டினாள். ஹார்ம் படமெடுத்தபடியே சிரித்தான், மூச்சு வாங்குகிறவரை சிரித்தான். ஏழாவது மரத்தில் அவள் உள்ளங்கை ஈரமானது. பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

வெயில் நாள். ஈரம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை.

ஹார்ம் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. அவள் குனிந்து அந்தக் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள்.

"என்ன, திடீர்னு பாசம்?"

"வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு. ரெண்டே நிமிஷம். தூங்காதே, என்ன? நான் வர்ற வரைக்கும் கண்ணை மூடாதே."

"சரிம்மா. கதவைச் சாத்திட்டுப் போ. குளிருது."

முன்கதவைப் பூட்டினாள். பின்கதவையும் பூட்டினாள். இரண்டு சாவியையும் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். கூப்பிட்டவள்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

வயலில் புல் முழங்கால் உயரம் நின்றது. முதல் மரம் பனிக்குள்ளிருந்து கறுப்பாக வந்தது. அதன் பட்டையில் இரண்டு கைகளையும் வைத்து, "தப்பு என்னோடது," என்றாள். "படத்துக்காகக் கூப்பிட்டேன். அவர் சாகலை. நல்லா இருக்கார். நீங்க வர வேணாம். தயவுசெஞ்சு திரும்பிப் போயிடுங்க." அடுத்த மரத்துக்கு ஓடினாள். அதையே சொன்னாள். மூன்றாவது. நான்காவது. குரல் உடைந்து கெஞ்சலானது. எங்கும் காற்றில்லை, பறவையில்லை, கிளையிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. யாருமில்லாத வீட்டில் கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது.

யாருமில்லாத வீடு.

அப்போதுதான் கீழே பார்த்தாள். மரத்தடியிலிருந்து புல் மடிந்து ஒரு தடம் போனது. பக்கத்து மரத்தடியிலிருந்தும் ஒன்று. ஏழு மரங்களிலிருந்தும் ஏழு தடங்கள். எல்லாம் அவள் வீட்டைப் பார்த்துப் போயின. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

ஊர்ப்பக்கம் கோயில் மணி அடித்தது. மூன்று. நிறுத்தம். மூன்று. நிறுத்தம். ஃபெம்மி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மறுபடி மூன்று. செத்தது ஆண் என்றால் ஒன்பது.

ஓடினாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள்.

பின்கதவு பூட்டியபடியே இருந்தது. சாவி துவாரத்துக்குள் போக மறுத்தது. உள்ளே மரச்செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத சத்தம். வேலை தெரிந்தவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கும் சத்தம். கதவு திறந்ததும் சத்தம் நின்றுவிட்டது.

ஏழு கோப்பைகளும் குடித்து முடித்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"ஹார்ம்?"

கூடத்துக் கண்ணாடியில் மறுபடியும் விரிப்பு.

"ஹார்ம், பேசு."

முன்னறைக் கதவு அகலத் திறந்திருந்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள், கால் வாசலைப் பார்க்க. சுவரோரம் வீட்டு நாற்காலிகள் ஆறு. நாற்காலி போதாமல் ஒரு முக்காலி. ஏழிலும் உட்காரும் இடம் நனைந்து மின்னியது. கட்டிலருகே அவளுக்காக ஒரு மெத்தை நாற்காலி போட்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கோப்பையில் ஆவி பறக்கும் காபி. அவள் போடும் அளவுக்கே சர்க்கரை, கரண்டியோடு.

ஹார்ம் வெள்ளைச் சட்டையில் இருந்தான். தலைமுடி ஈரமாக, வகிடெடுத்து வாரியிருந்தது. கைகள் மார்பில் கோத்திருந்தன. தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட துணி.

கண்கள் திறந்திருந்தன. அவை அவளைப் பார்த்தன.

"இருக்காரு!" அவள் நாற்காலிகளைப் பார்த்துக் கத்தினாள். "கண்ணு திறந்திருக்கே, தெரியலையா? இருக்காரு!"

கட்டிலில் பாய்ந்து முடிச்சை அவிழ்த்தாள். நகமில்லாத விரல்களால் அவிழ்த்தாள். துணி தளர்ந்தது. அவன் வாய் திறந்தது. "லா..." என்றான். துணி மெல்ல இறுகியது. முடிச்சு அவள் விரலுக்கு அடியிலேயே, நிதானமாக, மறுபடி விழுந்தது.

அவன் மூச்சு மூக்கில் இரைந்தது. அவன் நெஞ்சு மேலும் கீழும் போனது. அவள் அதன்மேல் படுத்துக்கொண்டாள், யாரும் தூக்கிவிடக்கூடாது என்று. பின்னால் ஒரு நாற்காலி அசைந்தது. இரண்டு ஈரக் கைகள் அவள் தோளைப் பிடித்தன. முரட்டுத்தனம் இல்லை. சாவு வீட்டில் அழுகிறவளைப் பிடிப்பதுபோல அணைத்துப் பிடித்து, மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தன. எழ முடியவில்லை.

ஹார்மின் வலது இமை கீழே இறங்கத் தொடங்கியது. அதன் நடுவில் ஒரு சின்னப் பள்ளம், கட்டை விரல் அளவுக்கு. பள்ளத்திலிருந்து ஒரு சொட்டுக் கறுப்புத் தண்ணீர் கன்னத்தில் ஓடியது. இமை மூடியது.

ஹார்ம் அதைத் திறந்தான்.

விரல் காத்திருந்தது. பிறகு, முன்னைவிட மென்மையாக, மறுபடி மூடியது.