இல்லாத தோலில் ஒரு ஜாக்கெட்

திங்கள், காலை 10.05. கப்பலூர் தொழிற்பேட்டை.

களவு போன ஜாக்கெட் வைத்த இடத்தில்தான் இருந்தது. அதே ஜாக்கெட் இன்னொருவன் கடையிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தவள், ஜாக்கெட்டை வெளியிட உட்கார்ந்த ரோகிணி. பார்த்ததும் கத்தவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, "சார், இங்க வாங்க" என்றாள். முதலாளி ஜெயபாண்டி வந்து பார்த்தார். ஐந்து நிமிடத்தில் போலீசுக்குப் போன் போட்டார். திருடியவன் பெயரையும் சேர்த்தே சொன்னார்: அருண்பாண்டி.

11.20. சைபர் பிரிவு சப்-இன்ஸ்பெக்டர் தமிழ்ச்செல்வி மாடியேறி வந்தார். அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றின் மேல்தளத்தில் இருந்தது ஸ்டுடியோ. பதினொரு பேர், பதினொரு கணினி, இரண்டு ஏ.சி. பின்னால் கான்ஸ்டபிள் காளை மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஜாக்கெட் திருட்டுன்னாக. தையல் மிஷினையே காணோமேம்மா?"

"இது பொம்பளைக போடுற ஜாக்கெட் இல்ல சார்" என்றார் ஜெயபாண்டி. "கம்ப்யூட்டருக்குள்ள ஒரு உலகம் இருக்கு. அதுல நடமாடுற ஒவ்வொருத்தருக்கும் ஒரு உருவம், அவதார்னு பேரு. அந்த அவதார் போடுறதுக்குத் தோல் ஜாக்கெட் செய்யுறோம். கலர் பூசின அட்டை மாதிரி இருக்காது. சுருக்கம், தையல், தேய்ஞ்சுபோன முழங்கை, எல்லாம் தெரியும். அதுக்குத்தான் நம்ம ஸ்டுடியோவுக்குப் பேரு."

"யாருமே தொட முடியாத துணிக்கு முழங்கை எதுக்குத் தேயுது?" என்றார் காளை. 

விவரம் இதுதான். மூன்று மாத வேலை. செய்தவன் அருண்பாண்டி. இன்று பத்து மணிக்கு வெளியிட வேண்டும். நேற்றுக் காலையே அது அந்த உலகத்தில் வேறொரு கடையில், வேறொரு பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அவதார்கள் அதைப் போட்டுக்கொண்டு திரிகின்றன.

"அருண்பாண்டிதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"டிசைன் செய்யுற எந்தக் கணினியில பென் டிரைவ் செருகினாலும் பதிவாகும் மேடம். இந்த ஜாக்கெட் வெளிய போனது ஒரே தடவை. புதன்கிழமை 10.52. அவன் கணினி, அவன் கை."

11.40. கூட்ட அறை. அருண்பாண்டிக்கு இருபத்தாறு வயது. கைகளை மேசைக்குக் கீழே வைத்திருந்தான்.

"புதன்கிழமை காப்பி எடுத்தீங்களா?"

"எடுத்தேன் மேடம். பூஜைக்கு."

"என்ன பூஜை?"

"புது ஜாக்கெட்ட வெளியிடுறதுக்கு முன்னாடி பென் டிரைவ்ல போட்டுச் சாமி முன்னாடி வைப்போம். இந்த வாரம் நல்ல நேரம் புதன்கிழமை பதினொரு மணிதான்னு சார் சொல்லிட்டாரு. வேலை முடியல. இருந்தத அப்படியே போட்டுக் குடுத்தேன்."

"எது முடியல?"

"ஜிப், தையல், காலர் எல்லாம் முடிஞ்சிருச்சு. தோல்ல கொஞ்சம் மெருகு பாக்கி. வியாழக்கிழமை முடிச்சேன்."

"அந்தத் தோலு எங்க கிடைச்சது? போட்டோவா?"

அதுவரை உடனுக்குடன் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"வெப்சைட்ல வாங்கினேன்."

"எந்த வெப்சைட்?"

"மறந்துபோச்சு மேடம்."

"வாங்கின ரசீது?"

"இல்ல."

மூன்று மாதம் ஒரு தோலையே பார்த்துக்கொண்டிருந்தவன் அதை வாங்கிய இடத்தை மறக்க மாட்டான். இந்த ஒரு பொய்க்கே அவனை ஜீப்பில் ஏற்றியிருக்கலாம். தமிழ்ச்செல்வி ஏற்றவில்லை. பொய் சொல்பவன் எல்லாம் திருடன் என்றால் மதுரையில் சிறை போதாது என்பது அவருடைய எண்ணம்.

12.10. ரோகிணியின் திரையில் இரண்டு ஜாக்கெட்டுகளும் அருகருகே நின்றன. இடது பக்கம் ஸ்டுடியோவின் ஜாக்கெட். வலது பக்கம் திருட்டுக் கடையில் இருந்தது. ரோகிணி இரண்டையும் மெதுவாகத் திருப்பினாள்.

"நிறுத்துங்க. வலது பக்கத்துல, முதுகுல அது என்ன?"

இடது தோளுக்குக் கீழே மூன்று வளைந்த கோடுகள். அவற்றின் அடியில் ஒரு வட்டம். தோல் அங்கே மட்டும் இறுகி, பளபளப்பாக இருந்தது. ஸ்டுடியோவின் ஜாக்கெட்டில் அந்த இடம் சமமாக இருந்தது.

"அவங்க சேர்த்த டிசைனா இருக்கும் மேடம். விளம்பரத்துல பெருமையா போட்டிருக்காங்க பாருங்க. 'கையால் பொறித்த முத்திரை.'"

பக்கத்தில் நின்ற மலைச்சாமி எட்டிப் பார்த்தார். ஜெயபாண்டியின் மனைவிக்குத் தம்பி, டவுன் ஃபிளாட்டில் வளர்ந்தவர். அலுவலக மேலாளர் என்று பலகையில் போட்டிருந்தது. விளக்கேற்றுவதும் லீவு ரிஜிஸ்டர் எழுதுவதும்தான் வேலை.

"நல்லாத்தான் இருக்கு. நம்ம பயலுக்கு இது தோணலையே" என்றார்.

தமிழ்ச்செல்வி அந்த மூன்று கோடுகளை நீண்ட நேரம் பார்த்தார். சமயநல்லூருக்குப் பக்கத்தில், அவர் பிறந்த வீட்டில் நாலு மாடு இருந்தது.

"பூஜை பென் டிரைவ் எங்க?"

"சாமி பெட்டிக்குள்ள. பூட்டியிருக்கு. சாவி எங்கிட்ட" என்றார் மலைச்சாமி. "சாமி முன்னாடி வச்சத எவனும் தொடமாட்டான் மேடம்."

"தொறங்க."

ஜெயபாண்டி குறுக்கே வந்தார். "வெளியிட்ட பெறகுதான் எடுக்கணும் மேடம். அதான் வழக்கம்."

"வெளியிட்டாச்சே. வேற எவனோ."

12.25. சாமி பெட்டியின் கண்ணாடிக் கதவு திறந்தது. வெற்றிலைமேல் மூடியில்லாத பென் டிரைவ். தினமும் காலையில் மலைச்சாமி தூவிய குங்குமம் அதன் உடம்பெங்கும் அப்பியிருந்தது. உலோக வாய்க்குள்ளும் ஏறியிருந்தது. ரோகிணி ஊதினாள், துப்பட்டாவால் துடைத்தாள், பிறகு செருகினாள்.

ஜாக்கெட் திரையில் விரிந்தது. முதுகைத் திருப்பினாள். மூன்று கோடுகள். ஒரு வட்டம்.

ரோகிணி திரும்பி அருண்பாண்டியைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீகளா மேடம்!" என்றார் ஜெயபாண்டி. "இவன் போட்ட காப்பிதான் வெளிய போயிருக்கு!"

"ஆமா. இந்தக் காப்பிதான்."

ரோகிணி பென் டிரைவை உருவினாள். செருகிய துளையின் ஓரம் சிவந்திருந்தது. "அய்யோ, இன்னைக்குப் பூரா இதச் சுத்தம் பண்ணணும்" என்று முணுமுணுத்தாள்.

12.40. மாடிப்படி. கீழே அட்டை வெட்டும் இயந்திரம் இரைந்தது. தமிழ்ச்செல்வியும் அருண்பாண்டியும் மட்டும்.

"அது டிசைன் இல்லல்ல?"

அவன் கீழ்ப் படியைப் பார்த்தான்.

"தோள்பட்ட வீங்கின மாட்டுக்குக் கம்பியக் காய்ச்சிப் போடுற சூடு. எங்க வீட்டுலயும் போட்டிருக்காங்க. அது வெளிநாட்டுத் தோல் இல்ல. இந்தச் சுத்துவட்டாரத்து மாடு."

அவன் ஒரு படி கீழே இறங்கினான்.

"எந்த ஊரு நீங்க?"

"அலங்காநல்லூர் பக்கம்."

"செத்த மாட்ட எடுக்க யாரு வருவாங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. எங்க வீட்டுக்கும் வருவாங்க. சுத்தி வளைக்காதீங்க."

அவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "எங்கப்பா அழகுமலை. பறை கட்டுவாரு, அடிப்பாரு. போன வருஷம் ஒரு தோலக் காயப் போட்டிருந்தாரு. வெயில் சாஞ்சு விழுந்தப்ப ஒவ்வொரு சுருக்கமும் தெரிஞ்சுச்சு. அம்புட்டு வெப்சைட்லயும் அப்படி ஒரு தோல் கிடையாது மேடம். நூத்தி நாப்பது போட்டோ எடுத்தேன்."

"சூட்ட ஏன் அழிச்சீங்க?"

"ஊர்க்காரன் எவனாச்சும் பாத்தா கேப்பான். ஒரு கேள்வி வந்தா அடுத்த கேள்வி வரும். இங்க ரெண்டு வருஷமா எங்கப்பா விவசாயம்னுதான் சொல்லியிருக்கேன். வியாழக்கிழமை மொத வேலையா அழிச்சேன்."

"அப்ப அத அழிக்காம விக்கிற கடைசி ஆள் நீங்கதான்."

அவன் தலையசைத்தான்.

"இங்க பாருங்க. இந்தச் சூட்டப் பத்திப் பேசாம உங்கள வெளிய எடுக்க முடியாது. பேசினா அம்புட்டு பேருக்கும் தெரியும். பேசலன்னா அந்த 10.52 உங்கள உள்ள தள்ளும். எது வேணும்?"

கீழே இயந்திரம் இரண்டு முறை வெட்டியது.

"நானே சொல்றேன் மேடம்."

12.55. தமிழ்ச்செல்வி நேராக மலைச்சாமியின் மேசைக்குப் போனார்.

"லீவு ரிஜிஸ்டர் காட்டுங்க."

"கம்ப்யூட்டர்லதான் மேடம் இருக்கு." பழைய மடிக்கணினியைத் திறந்தார்.

தமிழ்ச்செல்வி ரிஜிஸ்டரைப் பார்க்கவில்லை. செல்போன் விளக்கைப் போட்டு மடிக்கணினியின் பக்கவாட்டில் அடித்தார். காளையிடம் கை நீட்டினார். காளை சட்டைப் பையிலிருந்து ஊக்கு ஒன்றைக் கொடுத்தார். பென் டிரைவ் செருகும் துளைக்குள் அதை விட்டுச் சுரண்டி, வெள்ளைத் தாளில் தட்டினார்.

சிவப்புத் தூள்.

"தெனம் பூஜை போடுறவன் மேடம் நான்" என்றார் மலைச்சாமி உடனே. "கையில குங்குமம் இருக்கத்தான் செய்யும்."

"கையில இருந்தா கீபோர்டுல இருக்கணும். கீபோர்டு சுத்தமா இருக்கு. துளைக்குள்ள விரல் போகாது. என்ன போகும்?"

எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"புதன்கிழமை பதினொரு மணிக்கு அருண்பாண்டி கையில இருந்து பென் டிரைவ் சாமி பெட்டிக்குப் போச்சு. பதினொரு பேரும் பாத்தீங்க. அப்ப அதுல குங்குமம் கிடையாது. குங்குமம் ஏறினது பெட்டிக்குள்ள. அதுக்கப்புறம் அத எடுத்து எங்கயோ செருகியிருக்காங்க. மத்தப் பத்துக் கணினியிலும் செருகினா பதிவாகும். பதிவு இல்லாதது இது ஒண்ணுதான். சாவி இருக்கிறதும் ஒருத்தர்கிட்டதான்."

"நா லீவு லெட்டர் அடிக்கிறவன் மேடம். எனக்கு ஜாக்கெட்டப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் மாட்டிக்கிட்டீங்க." அவர் அருண்பாண்டியைப் பார்த்தார்.

அருண்பாண்டி தொண்டையைச் செருமினான். "முதுகுல இருக்கறது முத்திரை இல்லண்ணே. மாட்டுக்குப் போட்ட சூடு. எங்கப்பா பறைக்குக் காயப் போட்ட தோல் அது. அத நான் வியாழக்கிழமையே அழிச்சிட்டேன். எங்கிட்ட இருந்தோ ரோகிணிகிட்ட இருந்தோ போயிருந்தா சூடு இல்லாத ஜாக்கெட்தான் போயிருக்கும். சூட்டோட இருந்தது சாமி பெட்டியில மட்டுந்தான்."

"டவுன்ல ஃபிளாட்டுல வளந்தவர் நீங்க" என்றார் தமிழ்ச்செல்வி. "மாட்டுச் சூட்டப் பாத்ததில்ல. அழகா இருக்குன்னு விளம்பரம் வேற எழுதினீங்க. அந்தக் கடை எந்தப் போன் நம்பர்ல பதிவாகியிருக்குன்னு அந்த உலகத்த நடத்துறவங்ககிட்ட இருந்து சாயங்காலம் கடிதம் வந்துரும். இப்பவே சொல்லிட்டா நேரம் மிச்சம்."

மலைச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். 

"இங்க அம்புட்டு பேரும் டிசைனரு" என்றார் யாரையும் பார்க்காமல். "எனக்கு மட்டும் மொதலாளி மச்சினன்னு பேரு. நாலு வருஷமா விளக்குப் பொருத்துறேன். அங்க எனக்கு ஒரு கடை. ஒரு பேரு. நேத்து முந்நூறு பேரு பாராட்டி எழுதியிருந்தாய்ங்க."

"அந்த முத்திரையத்தான பாராட்டினாங்க?" என்றாள் ரோகிணி.

மலைச்சாமி மடிக்கணினியை மூடினார்.

1.15.  ஜெயபாண்டி மச்சினனைப் பார்க்கவில்லை. அருண்பாண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்த மாட்டுத் தோலையாடா சாமி முன்னாடி வச்ச?"

"போட்டோ சார்."

"நான் கையெடுத்துக் கும்பிட்டேன்டா அத."

"இத்தன வருஷமும் தோல் ஜாக்கெட்தான சார் வச்சோம்?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர் தோலுடா!"

காளை இருமினார். ஜெயபாண்டி தமிழ்ச்செல்வியின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

"மேடம், இது குடும்ப விஷயமாப் போச்சு. மாப்ளைகிட்ட நான் பேசிக்கிறேன். கம்ப்ளைண்ட வாபஸ் வாங்கிக்கிறேன்."

"ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி ஜீப்புல ஏத்தச் சொன்னீங்க."

"அது வேற மேடம்."

வேறுதான். என்ன வேறு என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. ஒருத்தி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சாமி பெட்டியைக் கழுவத் தொடங்கினாள். ரோகிணி தன் கணினித் துளையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் இருந்தது குங்குமம் மட்டும்தான். ஆனாலும் மூன்று முறை துடைத்தாள்.

"நாளைல இருந்து வர வேணாம்" என்றார் ஜெயபாண்டி. "பொய் சொல்லி வேலைக்குச் சேந்திருக்க. அதுக்குத்தான். வேற எதுக்கும் இல்ல."

1.40. ஜீப்பின் முன்பக்கம். அருண்பாண்டி பையை மாட்டிக்கொண்டு நின்றான்.

"ஜாக்கெட் கம்பெனியோடது" என்றார் தமிழ்ச்செல்வி. "அவர் வாபஸ் வாங்கினா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அந்தத் தோலோட போட்டோ?"

"என் போன்ல, எங்க வீட்டு வாசல்ல எடுத்தது."

"கம்பெனிக்கு எழுதிக் குடுத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப அது உங்களோடது. அத மலைச்சாமி அனுமதியில்லாம வித்திருக்கான். நீங்க புகார் குடுக்கலாம். நிக்குமான்னு சத்தியம் பண்ண மாட்டேன். குடும்பத்தையும் ஊரையும் பத்தி வக்கீல் கேப்பான். கோர்ட்ல எல்லார் முன்னாடியும் கேப்பான்."

மேலே ஜன்னலில் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன.

"எழுதிக்கோங்க" என்றான்.

காளை ஜீப்பின் முன்மூடிமேல் தாளை விரித்தார். பெயர், வயது, முகவரி. "அப்பா பேரு அழகுமலை, மேடம் சொன்னாக. தொழில்?"

"பறை கட்டுறது. அடிக்கிறது."

காளை தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். நல்ல மனிதர். கெடுதல் நினைக்கவில்லை. தாளைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு 'கூலி' என்று எழுதினார்.

அருண்பாண்டி தலைகீழாக இருந்த எழுத்தை வாசித்தான்.

"அத வெட்டிட்டு, நான் சொன்னத எழுதுங்கண்ணே."