பொது ஃபைலில் ஒரு பூ

பிரிண்டரிலிருந்து அவன் எடுத்த தாளை அவள் வெடுக்கென்று பிடுங்கினாள். பிடுங்கிய பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

பெரிய கண்கள்... இமையோரம் மழைத்துளி இன்னும் காயவில்லை. திருட்டு முழி என்று அந்த நிமிடமே முடிவு கட்டினாள்.

"லைப்ரரி நோட்டீஸ்ல என் கோடு எப்படி வந்துச்சு?"

"உங்க கோடா?"

"தலைப்புக்குக் கீழ இருக்கே, இது. வலது ஓரத்துல கொஞ்சம் முன்னாடியே நின்னுடும். அது நான் பண்ணின தப்பு. என் தப்பு உங்க தாளுக்கு எப்படி வரும்?"

"தப்பா? நீங்க அழகுக்கு விட்டிருக்கீங்கன்னு நெனச்சேனே..."

மூன்றாம் மாடியில் மருத்துவமனை ரசீதுகளுக்கு எக்ஸ்எஸ்எல்டி என்ற அச்சு வடிவ நிரல் எழுதுகிறவள் அவள். எழுத்து எவ்வளவு பெரிது, கோடு எங்கே, தேதி எப்படி... எல்லாவற்றையும் ஒரே ஸ்டைல்ஷீட்டில் எழுதிப் பொதுவில் வைத்திருந்தாள். எந்த அப்ளிகேஷன்காரரும் அதைத் தன்னதோடு சேர்த்துக்கொள்ளலாம். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். லைப்ரரி நோட்டீஸ் வேலை பார்க்கும் இந்த நான்காம் மாடிக்காரன் சொல்லவில்லை. முன்பு ஒருவன் அந்த ஃபைலை அப்படியே நகலெடுத்து, தானே எழுதியதாகக் காட்டிப் பதவி உயர்வு வாங்கிப் போயிருந்தான். சூடு கண்ட பூனை அவள். மாடியில் அவளுக்கு 'இன்ஸ்பெக்டர்' என்றே பெயர்.

"நகல் எடுத்தீங்களா, சேர்த்துக்கிட்டீங்களா?"

"சேர்த்துக்கிட்டேங்க. சத்தியமா."

அவன் சிரித்தான். அதை அவள் நம்பவில்லை. ஆனால் கன்னத்தில் விழுந்த குழியைக் கவனித்துவிட்டாள்... அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சும்மா விடுவாளா? பொது ஃபைலில், தாளின் மேல் மூலைக்கு ஒரு சின்னப் பூவை வைத்தாள். உண்மையாகவே சேர்த்திருந்தால் அவன் நோட்டீசிலும் பூ வரும். நகல் என்றால் வராது.

மறுநாள் காலை எல்லார் தாளிலும் பூ. லைப்ரரி நோட்டீசில் மட்டும் இல்லை.

'அதானே பார்த்தேன்!' ஜெயித்துவிட்டாள். ஆனாலும் ஏனோ அந்த ஜெயிப்பு இனிக்கவில்லை. அந்த யோசனையில் பூவை எடுக்கவே மறந்துபோனாள்.

மத்தியானம் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு மருத்துவமனை ரசீது. இறந்துபோன ஒருவரின் வீட்டுக்குப் போனது. மூலையில் இளஞ்சிவப்பாக அந்தப் பூ.

"பொது ஃபைலை யார் வேணாலும் தொடலாம். யார் பார்த்த வேலை இது? அவங்க இன்னையோட வீட்டுக்குப் போகலாம்." மேனேஜரின் பார்வை அவன்மேல் நின்றது. "லைப்ரரியில மட்டும் பூ இல்ல. முன்னாடியே தெரிஞ்சவன்தானே ஒதுங்கியிருப்பான்?"

அவன் நிமிர்ந்து அவளை ஒருமுறை பார்த்தான். ஐயோ, பூ வைத்தது யார் என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது! இப்போது சொல்லிவிடுவான்... இதோ சொல்லப்போகிறான்... அவன் வாயே திறக்கவில்லை. ஏன்? இதில் என்ன உள்நோக்கம்? பதிலுக்கு என்ன கேட்பான்?

எது எப்படியோ, தன் பழி இன்னொருவன் தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

"நான்தான் மேடம். அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

வேலை தப்பியது. அந்தக் குடும்பத்திடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். இனி இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லாமல் பொது ஃபைலைத் தொடவும் கூடாது.

சாயங்காலம் வாசலில் மழை. அவனும் நின்றிருந்தான்.

"ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு தெரியும். 'இந்தக் கோடு முன்னாடியே நின்னுடுது, தப்பு என்னுதுதான்'னு ஃபைலுக்குள்ளயே குறிப்பு எழுதி வைக்கிற ஆளாச்சே. தினமும் படிக்கிறேன்."

"அப்போ கோடு தப்புன்னு தெரிஞ்சேதான் அழகுன்னீங்களா?"

"பேச்சை வளர்க்க வேற வழி தெரியல..."

"சரி, பூ எங்க போச்சு?"

"நான் இன்க்ளூட் பண்ணலைங்க. இம்போர்ட். உங்களது எல்லாம் வரும். ஆனா நான் தனியா எழுதின இடத்துல என்னுதுதான் நிக்கும். அந்த மூலையில லைப்ரரி முத்திரை வெச்சிருக்கேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தெரிந்த விஷயம்தான். கோபம் கண்ணை மறைத்துவிட்டது. ஆனாலும் இன்ஸ்பெக்டர் இன்ஸ்பெக்டர்தான்...

"ஒண்ணு மட்டும் இடிக்குது. நாலாம் மாடி நோட்டீஸை எதுக்கு எங்க பிரிண்டர்ல எடுத்தீங்க? உங்க மாடியில பிரிண்டர் இல்லையா?"

அவன் காது மடல் சிவந்தது.

"இருக்கு... நல்லாவே வேலை செய்யுது."

"அப்புறம்?"

"எழுதினவங்களை ஒரு தடவை பார்க்கணும்னுதான் வந்தேன். பார்த்துட்டேன்... இப்போ தினமும் பார்க்கணும்னு இருக்கு. உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

மழை வலுத்தது. அவள் குடையை விரித்து, பாதியை அவன் பக்கம் சாய்த்தாள்.

"பார்த்த அன்னைக்கே சொன்னேன், ஆளு சரியில்லன்னு!"

"யார்கிட்ட சொன்னீங்க?"

"என்கிட்டயேதான். எங்க கேட்டேன் நான்?" குரல் தழைந்தது. "நாளையிலிருந்து என் ஃபைலைப் பார்க்க ஒரு ஆள் வேணுமாம். நீங்களே பாருங்க... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. அதுல மட்டும் சந்தேகமே இல்ல."