அடி விழுந்த பிறகு வந்த அலறல்

காலை ஏழு மணிக்குள் பெரியவன் பத்தொன்பது முறை செத்துவிட்டான். இருபதாவது சாவுக்கு அவன் கட்டைவிரல் தயாராகிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் அவன் மனைவியின் கையிலிருந்த கரண்டி குழம்புக்குமேல் அப்படியே நின்றது.

"தடுத்தேன்டா. கண்ணால பார்த்துத்தான் பட்டனை அமுக்கினேன். அப்புறமும் அடி விழுதுன்னா என்ன அர்த்தம்?"

"என் படத்துல ஒரு தப்பும் இல்லண்ணா. உன் கணக்குல பாரு" என்றான் சின்னவன்.

அந்த வீட்டில் ஐந்து வருடமாக ஒரு சண்டை விளையாட்டு வளர்ந்துகொண்டிருந்தது. திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று வெளுத்துக்கொள்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு. பெரியவன் இருந்த வேலையை விட்டுவிட்டு அதற்குப் புரோகிராம் எழுதினான். தம்பி படம் வரைந்தான். இருவரையும் பெற்றவள், முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், பதினோரு சண்டைக்காரர்களுக்கும் அலறல் கொடுத்தாள். அவள் ஒரு 'ஹா' போட்டால் எதிர்மாடிப் புறாக்கள் மூட்டை முடிச்சோடு வேறு தெருவுக்குக் குடிபோய்விடும்.

மருமகள் பகலில் பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து குடும்பத்தை ஓட்டினாள். விடுமுறை நாளில் ஹாலில் கட்டிய போர்வைக்கு முன்னால் உதைத்தாள், குத்தினாள், விழுந்தாள். கொழுந்தன் அதைப் படமெடுத்து, அதன்மேல் வரைவான். ஏழடி உயரமும் இடுப்புவரை தாடியுமாக வருகிற 'ரோடு ரோலர்' கூட அவள்தான். தாடி மட்டும் கொழுந்தன் உபயம். குறைந்தது நாலாயிரம் முறை விழுந்திருப்பாள். மெத்தை செய்தித்தாள் கனத்துக்கு வந்துவிட்டது. அவள் முழங்காலோ, மழை வருகிற சேதியை மேகத்துக்கே முன்கூட்டிச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது.

இன்று மூன்று மணிக்கு, விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாள் வருகிறாள். பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் ஐந்து வருடமும் தண்ணீரில் எழுதியது மாதிரிதான். போன ஞாயிற்றுக்கிழமை வரை வெண்ணெயாக ஓடிய விளையாட்டு அன்று சாயங்காலத்திலிருந்து படுத்துவிட்டது. எந்தச் சண்டைக்காரனை எடுத்தாலும், தடுத்தால் தடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மருமகளை முள்ளாகக் குத்தியது. வரப்போகும் அம்மாளுக்காக அன்று வீட்டையே புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்தாள். ஆன் செய்தால் நன்றாக யோசித்துவிட்டுத்தான் வெளிச்சம் காட்டும் பழைய டிவியைக் கீழ்வீட்டுத் தையல்கடைக்குக் கொடுத்துவிட்டு, தன் சம்பளத்தில் வாங்கிய புதுத் திரையை மாட்டினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். திறந்து கிடந்த லேப்டாப்பின் பட்டன்களை ஈரத்துணியால் துடைத்தாள். திரையில் எழுத்துகள் எறும்பு வரிசையாக ஓடின... பாம்புக் கூடையை மூடுவதுபோல் படாரென்று மூடிவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆறு நாளாக அந்தப் பயத்தோடுதான் எழுந்தாள், படுத்தாள். கிளினிக்கில் எவனாவது வாயைத் திறந்தால்கூட, பல்லைக் காட்டப்போகிறான் என்று தோன்றவில்லை. 'நீதானே துடைச்சே' என்று கேட்கப்போகிறான் என்றே தோன்றியது.

ஹாலில் குரல் ஏறியது.

"நீ போன வாரம் படத்தைத் திருத்தினியே, அதுல வந்த வினைடா இது."

"எல்லாத்துக்கும் நான்தான். நீ எழுதினது வேதம், நான் வரைஞ்சது கிறுக்கல். அஞ்சு வருஷமா இதைத்தானே கேக்கறேன்?" சின்னவன் அலமாரிமேல் இருந்த பையை இழுத்தான். "மூணு மணிக்கு நீயே காட்டிக்கோ. நான் கிளம்பறேன்."

"போ. போறவனைப் பிடிச்சு வைக்க எனக்கு நேரமில்ல."

"டேய், டேய்..." என்று தாய் நடுவில் போய் நின்றாள். இருநூறு பிள்ளைகளை ஒற்றை விசிலில் நிறுத்தியவளுக்கு இரண்டு பிள்ளைகளை நிறுத்த முடியவில்லை.

பையின் ஜிப் திறக்கும் சத்தம் மருமகளுக்குக் கேட்டது. இந்த வீட்டில் அண்ணன் தம்பி பிரிந்தால் அதற்கு ஒரு ஈரத்துணி காரணமாக இருக்கக் கூடாது. கரண்டியோடு ஹாலுக்கு வந்தாள்.

"தம்பி, பையை வைங்க. தப்பு உங்க ரெண்டு பேர் மேலயும் இல்ல... நான்தான் கெடுத்தேன்."

ஈரத்துணி, எறும்பு வரிசை, மூடியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

பெரியவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஆறு நாள்... ஆறு நாளா நான் தூங்கல. பக்கத்துலயே படுத்திருந்தியே, சொல்லணும்னு தோணலையா?"

"பயமா இருந்துச்சுங்க."

"என்கிட்டயா?"

அவள் கரண்டியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அதுவே பதிலாகப் போய்விட்டது.

மாமியார் விடுவாளா? "தொடைக்கறதுக்கு வீட்ல வேற சாமானே கிடைக்கலையாம்மா உனக்கு? என் பிள்ளைங்க உயிரையில்ல தொடைச்சிருக்கே. தொண்டை கிழியக் கத்திக் கொடுத்தேனே நான்..."

பெரியவன் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எடுத்து வைத்திருந்த நகலைத் தேடிப் போட்டான். அவள் துடைப்பதற்கு ஒரு வாரம் முந்தைய விளையாட்டு. ஓட்டினான். தடுத்தான். அடி விழுந்தது.

"இதுவும் அப்படியே இருக்கேடா" என்றான் தம்பியிடம்.

"அந்த நகலையும் இவ தொடைச்சிருப்பா" என்றாள் தாய்.

"அம்மா, அது வேற பெட்டியில பூட்டி வெச்சிருந்தது. அப்ப இவ ஒண்ணுமே கெடுக்கல... பின்ன என்னதான்?"

குற்றம் நீங்கியது. ஆனால் யாருக்கும் நிம்மதி வரவில்லை. காரணம் தெரிந்த பேயைவிடக் காரணம் தெரியாத பேய் பெரியது. மணி எட்டாகிவிட்டது. சின்னவன் பையைக் கீழே வைக்கவும் இல்லை, தோளில் போடவும் இல்லை.

மருமகள் சமையலறைக்குத் திரும்பி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தை வெட்ட உட்கார்ந்தாள். ஐந்து வருடமாக அந்த விளையாட்டின் சத்தத்துக்குத்தான் அவள் கத்தி ஓடும். மாமியாரின் ஒவ்வொரு 'ஹா'வுக்கும் ஒரு வெட்டு. இப்போதும் கதவிடுக்கில் திரை தெரிந்தது. பெரியவன் விளையாடினான். ரோடு ரோலரின் உதை போய் விழுந்தது. எதிராளி சாய்ந்தான். அதற்குப் பிறகு 'ஹா' வந்தது.

அவள் கத்தி பலகைமேல் நின்றது. இன்னொரு உதை. விழுந்தது... 'ஹா'.

எழுந்தாள். இப்போதுதான் ஒரு பழியிலிருந்து தப்பினாள், மறுபடி வாயைத் திறக்க வேண்டுமா? திறந்தாள்.

"என்னங்க... கோச்சுக்காதீங்க. அத்தை லேட்டா கத்தறாங்க."

"நானா?" மாமியார் நிமிர்ந்தாள். "என் வாழ்க்கையில நான் லேட்டானதே கிடையாது."

"இல்லத்தை. அடி விழுந்தப்புறம் உங்க குரல் வருது. முன்னாடி ரெண்டும் சேர்ந்துதான் வரும். அதைக் கேட்டுத்தான் நான் காய் வெட்டுவேன்."

பெரியவன் அவளையே பார்த்தான். பிறகு புதுத் திரையைப் பார்த்தான். பிறகு, டிவி போனபிறகு சுவரில் தெரிந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தான்.

"ஆரம்பத்துல நீ ஒண்ணு சொன்னியே... என்ன சொன்னே?"

"அத்தை குரல் முந்திக்குது, அடி பின்னால வருதுன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. அப்புறம் அத்தை குரலைக் கொஞ்சம் தள்ளி வெச்சீங்க."

"ஏழு துண்டு தள்ளி வெச்சேன்." அவன் குரல் காற்றாக வந்தது. "ஒரு நொடியை அறுபதா வெட்டினா அதுல ஏழு. சத்தம் தனி ஸ்பீக்கர்ல இருந்து சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கு. டிவிதான் படத்தை லேட்டா காட்டியிருக்கு. நான் அது தெரியாம, குரலைத் தள்ளி, தடுக்கற நேரத்தையும் தள்ளி... அஞ்சு வருஷமும் அந்த ஓட்டை டிவிக்கு ஏத்த மாதிரி செஞ்சிருக்கேன்டா. புதுத் திரையில அடி உடனே தெரியுது. பார்த்ததும் தடுக்கறேன். ஆனா நான் தள்ளி வெச்ச தடுக்கற நேரம் இன்னும் தொடங்கவே இல்ல."

சின்னவன் பையைப் போட்டுவிட்டுப் படியில் ஓடினான். தையல்காரர், பாதிப் பார்த்த செய்தியோடு டிவியைப் பிடுங்கிக்கொண்டதற்குத் தெருவே கேட்கத் திட்டினார். மாட்டினார்கள். யோசித்துவிட்டு வெளிச்சம் வந்தது. பெரியவன் தடுத்தான். தடுத்தது.

"அப்ப மூணு மணிக்கு வர்ற அம்மா நல்ல திரையில பார்த்தா..." சின்னவன் முடிக்கவில்லை. நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் கழுத்து வியர்த்தது. வேறு எந்த வீட்டிலும் தடுக்க முடியாத விளையாட்டை இந்த ஒரு டிவிக்காகச் செய்து வைத்திருந்தார்கள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு அடிகள். ஒவ்வொன்றுக்கும் தடுப்பு நேரமும் குரல் நேரமும் தனித்தனியாகக் கையால் வைத்தவை. சின்னவன் எண்ணைப் படித்தான், பெரியவன் ஏழைக் கழித்தான், மருமகள் மறுபடி மாட்டிய புதுத் திரையில் ஆடிப் பார்த்து "சரி" என்றாள். எந்த உதை எங்கே போய் முடியும் என்று அவள் முழங்காலுக்குத் தெரியும். இரண்டு இடத்தில் பெரியவன் பத்தைக் கழித்தபோது, "இல்லைங்க, வலி இவ்வளவு சீக்கிரம் வராது" என்று திருத்தினாள். இரண்டே முக்காலுக்குக் கடைசி எண் விழுந்தது.

மாமியார் அதுவரை மூலையில் நின்றவள், தண்ணீர்ச் செம்போடு வந்தாள். கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆறு நாளா இந்தப் பயத்தோடவா எனக்குச் சோறு போட்டே?"

"ஆமா அத்தை."

"அதான் உப்புக் கூடிப்போச்சு" என்றவளின் முகம் கோணியது. செம்பு ததும்ப மருமகளைக் கட்டிக்கொண்டாள். "என் பிள்ளைங்க பிரிஞ்சிடக் கூடாதுன்னு பழியைத் தலையில போட்டுக்கிட்டியேடி... நான் என்னென்னமோ பேசிட்டேனே..."

"தொண்டையைக் காப்பாத்துங்க அத்தை. இன்னும் தேவைப்படும்."

மூன்று மணிக்கு வந்த அம்மாள் சிரிக்கத் தெரியாத முகத்தோடு உட்கார்ந்தாள். ரோடு ரோலரிடம் மூன்று முறை தோற்றாள். நாலாவது முறை தடுத்தாள். தடுத்தது. சுவரோரம் நாலு பேரும் மூச்சை அடக்கி நின்றதில் ஹாலில் காற்றே தீர்ந்துபோயிருக்க வேண்டும். கடைசியில் அவள் பட்டன் பலகையைக் கீழே வைத்தாள்.

"இந்தத் தாடிக்காரன் விழறப்போ எனக்கே இடுப்பு வலிக்குது. யாரைப் பார்த்து வரைஞ்சீங்க?"

மாமியார் மருமகளின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள்.

அந்த அம்மாள் தாடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதல்முறையாகச் சிரித்தாள். "எடுத்துக்கறோம். ஆனா பதினோரு பேர் பத்தாது. இன்னும் ஒன்பது பேர் வேணும்."

வந்தவள் படியிறங்கிப் போனாள். மூன்று ஜோடிக் கண்கள் மெல்ல மருமகளின் முழங்காலுக்கு இறங்கின. அவள் மெத்தையை இழுத்து ஹால் நடுவில் விரித்தாள். கேமராவைக் கொழுந்தன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இந்தத் தடவை நீங்க விழுங்க."

"நானா?" என்றான் பெரியவன்.

ஆறு நாள் அவள் பட்ட பயம் முழுவதும் குடிமாறி அவன் முகத்தில் வந்து உட்கார்ந்தது. காகிதக் கனத்து மெத்தையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அவள் கேமராவுக்குப் பின்னால் அசையாமல் காத்திருந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுந்தான்.

மாமியாரின் 'ஹா', ஒரு துண்டுகூடப் பிசகாமல், அப்போதே வந்தது.