கலையாத கொசுவம்

மூன்று தடவை துவைத்தும் அந்தப் புடவையின் கொசுவம் கலையவில்லை.

வசந்தா அதைக் கட்டிலில் விரித்துப் போட்டு உள்ளங்கையால் நீவிப் பார்த்தாள். நீவிய இடம் படிந்தது. கையை எடுத்ததும், தூக்கத்தில் ஆள் புரண்டு படுப்பதுபோல மெல்லப் புரண்டு பழைய மடிப்புக்கே போய்ச் சேர்ந்தது. கொண்டுவந்த எதிர்வீட்டுத் தமிழ்ச்செல்வி கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றாள்.

"ரேணுகா மடிச்சுக் குடுத்தது, அக்கா. முந்தி ஓரத்துல மஞ்சப் பொட்டு ஒண்ணு வெச்சிருந்துச்சு. அசிங்கமா கீதேன்னு எலுமிச்சம்பழம் தேய்ச்சு எடுத்துட்டேன். அதுலேர்ந்து இப்டிதான். கட்டிக்கவே மனசு வரல. நீயாவது இஸ்திரி போட்டு நிமித்திக் குடு."

இஸ்திரிப் பெட்டி சீறியது. ஆவி எழுந்தது. சூடான பட்டின் நெடி அறை முழுக்கப் பரவி மூக்கில் ஏறியது. பெட்டி முன்னே போகப் போக, அதன் பின்னாலேயே மடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வரிசையில் நின்றன. வசந்தா இன்ச் டேப்பை எடுத்து அளந்தாள். ஏழு மடிப்பு. ஒவ்வொன்றும் ஐந்து அங்குலம். ஒரு நூல் பிசகில்லை.

நியாயமாகப் பார்த்தால் பயம்தான் வந்திருக்க வேண்டும். வசந்தாவுக்கு வந்தது வயிற்றெரிச்சல்.

பதினோரு வருஷமாகப் புதுப்பட்டினத்தில் கல்யாணப் பெண்ணுக்குப் புடவை கட்ட வேண்டுமென்றால் வசந்தாதான். முந்தின நாளே கொசுவம் வைத்து, முந்தியை மடித்து, இஸ்திரி போட்டு, ஊக்கு குத்திக் கொண்டுபோவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரேணுகா என்பவள் புருஷன் நரசிம்மனோடு அடுத்த தெருவுக்குக் குடிவந்தாள். அதோடு போயிற்று. வசந்தாவைக் குறையாக ஒருத்தரும் பேசிவிடவில்லை. "வசந்தாக்கா கட்னா நல்லாத்தான் இருக்கும், ஆனா ரேணுகா மடிப்பு மாதிரி வராது" என்றுதான் சொன்னார்கள். அந்த 'ஆனா' அவள் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடந்தது.

அந்த வாரமே அணுபுரத்திலிருந்து ஜெகதாம்பாள் போன் செய்தாள். அவள் மகள் சஹானாவுக்கு மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த விடுதி ஒன்றில் கல்யாணம்.

"மடிக்கிறது ரேணுகா, கட்டிவிடுறது நீங்க. அவங்க வீட்டை விட்டு வர மாட்டாங்களாம், வீட்டுக்காரருக்கு முடியலையாம். புடவையை மட்டும் அங்கேயிருந்து வாங்கிட்டு வந்துடுங்க."

எச்சில் இலையை எடுக்கக் கூப்பிட்டதுபோல இருந்தது வசந்தாவுக்கு. இருந்தும் சரி என்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் உச்சி வெயிலில் போனாள். ரேணுகாவின் வீட்டில் மஞ்சள் வாசனையும் ஆவியின் ஈரமும் கலந்து அடித்தன. கொடியில் துண்டுகள் ஒரே அளவில் தொங்கின. ஜன்னல் திரை, மேஜை விரிப்பு, மூலையில் அடுக்கிய பழைய செய்தித்தாள், எல்லாவற்றிலும் அதே ஐந்து அங்குலம். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்தபடி நரசிம்மன் படுத்திருந்தான். போர்வைக்குள் தோள் என்றும் இடுப்பு என்றும் ஒரு மேடு தெரியவில்லை. அடுக்கி வைத்த துணிபோல ஒரே மட்டமாக இருந்தது.

ரேணுகா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"அவருக்கு இன்னா உடம்புக்கு?"

"பட்டு வேட்டி கட்டினார்" என்றாள் ரேணுகா.

கவரில் போட்டிருந்த முகூர்த்தப் புடவையை எடுத்து வந்து, முந்தியின் ஓரத்தைப் பிரித்துக் காட்டினாள். அங்கே பயறு அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு.

"என்ன வேணா பண்ணுங்கக்கா, இதை மட்டும் எடுத்துடாதீங்க. துணியில ஒரு குறை இருக்கணும். இல்லாட்டி அது கட்டினவங்ககிட்ட குறை தேடும்."

புதுத்துணிக்கு மஞ்சள் வைப்பது வசந்தாவுக்குத் தெரியாததா? ஆனால் பொறாமைக்காரிக்குப் புத்தி சொன்னால் அது அவள் காதில் வேறு மாதிரித்தான் விழும். பொட்டை எடுத்ததும் மடிப்பு கலையாமல் நின்ற தமிழ்ச்செல்வியின் புடவை நினைவுக்கு வந்தது. சூட்சுமமே இதில்தான் இருக்கிறது, அது எனக்குக் கிடைக்கக் கூடாதென்று பார்க்கிறாள், திருட்டு முண்டை என்று மனசுக்குள் வைதபடி வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சம்பழத்தை அறுத்தாள். பொட்டு போகப் போகக் கவருக்குள் ஏதோ சரக்கென்றது. மடிப்பும் மடிப்பும் நெருங்கி உட்காரும் சத்தம். அவள் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு விடுதி அறையில் வெயில் சுள்ளென்று விழுந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. மல்லிகையும் சந்தனமும் ஹேர் ஸ்ப்ரேயும் ஒன்றாக மணந்தன. சஹானா நல்ல பெண். ஐ.டி. வேலையில் உட்கார்ந்து உட்கார்ந்து கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள்.

"ஆன்ட்டி, என்னைக் கொஞ்சம் ஒல்லியா காட்டிடுங்க. போட்டோவுல ஒரு குறை சொல்லக் கூடாது."

வசந்தா கொசுவத்தைச் செருகினாள். செருகவே வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே இடம் தேடிப் போய் உட்கார்ந்தது. முந்தி தோளில் ஏறி, யாரும் தொடாமலே வரிசை கட்டியது. அறையில் இருந்த சொந்தக்காரப் பெண்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். சஹானாவின் இடுப்பு நிஜமாகவே சிறுத்திருந்தது.

ஜெகதாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கோயில் சிலை மாதிரி நிக்கிறா. ரேணுகா என்னங்க ரேணுகா, இது உங்க கைதான் வசந்தா." போட்டோக்காரர் பெஞ்சமினைக் கூட்டிவர அவள் வெளியே போனாள். மற்றவர்களும் மாப்பிள்ளை வந்த சத்தம் கேட்டு ஓடினார்கள்.

"ஆன்ட்டி, கால் மரத்துப் போச்சு."

வசந்தா குனிந்தாள். பாதங்கள் சில்லென்றிருந்தன. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சீராக.

எங்கோ ஆவி சீறியது. இஸ்திரிப் பெட்டி பைக்குள் அணைந்து கிடந்தது.

மேஜைமேல் மஞ்சள் குங்குமத் தட்டு. ஒரு சிட்டிகை போதும். முந்தியின் ஓரத்தில் ஒரு பொட்டு. வசந்தா மஞ்சளைத் தொட்டுவிட்டாள். கை முந்தி வரைக்கும் போனது.

இது உங்க கைதான் வசந்தா.

பதினோரு வருஷம். இரண்டு வருஷமாகத் தொண்டையில் சிக்கிய முள் இன்றைக்குத்தான் இறங்கியிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம். போட்டோ எடுக்கட்டும். எல்லாரும் பார்க்கட்டும். ரேணுகாவுக்குச் சேதி போகட்டும். அப்புறம் வைத்தால் என்ன?

விரலிலிருந்த மஞ்சளைத் தன் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி." குரல் மெலிந்திருந்தது. "மூச்சு..."

சரக்.

நெற்றியிலிருந்து முகவாய் வரை ஒரு கோடு. நேராக. பக்கத்தில் இன்னொன்று. மூக்கு உள்ளே போனது. உதடு பாதி மறைந்தது. சத்தமில்லை. ரத்தமில்லை.

வசந்தா தட்டை வாரினாள். மஞ்சளை அள்ளி முந்தியில் அப்பினாள். ஒட்டவில்லை. அத்தனையும் வழுக்கித் தரையில் கொட்டியது.

சரக். சரக். தோள் இடுப்போடு படிந்தது. இடுப்பு முழங்காலோடு.

வசந்தாவின் கை பழக்கத்தில் நீண்டது. சாண் வைத்து அளந்தது. ஒரு நூல் பிசகில்லை. இத்தனை அழகாகத் தன் கைக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று நினைத்தபோது, அடிவயிறு மறுபடியும் எரிந்தது.

வெளியே நாதஸ்வரம். கதவுக்கு அந்தப் பக்கம் ஜெகதாம்பாளின் குரல்: "பொண்ணு ரெடியா?"

நாற்காலியின்மேல், ஊக்கு குத்திக் கொடுக்கத் தயாரான முகூர்த்தப் புடவைபோல, சதுரமாக, கலையாமல் இருந்தாள் சஹானா. கடைசி மடிப்பின் ஓரத்தில் ஒரு கண் மட்டும் மடியாமல் மிச்சமிருந்தது. அது வசந்தாவைப் பார்த்து இமைத்தது.